முன்பக்கம் தூக்கும் பாவாடை

கசிமிரா மூன்றாவது முறையாகத் தையல் கடைக்குப் படியேறி வரும் சத்தம் கேட்டதும் நெமேசியா கையிலிருந்த ஊசியைப் பஞ்சில் குத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தச் சத்தத்தை வேறு யாருடையதென்றும் நினைக்க வழியில்லை. முதலில் மூச்சு வாங்கும். மலைநகரமான லா பாஸின் மேட்டிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு இந்தப் பத்துப் படிக்கு இப்படி மூச்சு வாங்கக்கூடாது. பிறகு பாவாடைகள் ஒன்றோடொன்று உரசும். பிறகு, ஆள் வருவதற்கு முன்பே, குரல் உள்ளே வந்துவிடும்.

"கொமாத்ரே! இதுக்குப் பேரு தையலா?"

கொமாத்ரே என்று அவள் கூப்பிடுவதில் தப்பில்லை. நெமேசியாவின் மகனுக்கு முதல் முடி வெட்டியவள் கசிமிராதான். கத்தரியைப் பிடித்து ஒரு சுருள் முடியை வெட்டியதோடு, பிள்ளைக்கு ஞானத்தாய், அவன் அம்மாவுக்குக் கொமாத்ரே என்ற அந்த உறவு ஏற்பட்டுவிட்டது. அதை வெட்ட இனி எந்தக் கத்தரியாலும் முடியாது. வேறு வாடிக்கைக்காரியாக இருந்தால் நெமேசியா வாசலிலேயே வைத்துப் பதில் சொல்லியிருப்பாள்.

கசிமிரா மூட்டையை மேசைமேல் போட்டாள். உள்ளே பப்பாளிப் பழ நிறத்தில் பட்டுப் போல மினுங்கும் பாவாடை.

"முன்பக்கம் மறுபடியும் தூக்குது. தெருநாய் கூட என் முட்டியைப் பாத்துட்டுப் போகுது."

"போன வாரம்தானே சரிபண்ணிக் குடுத்தேன்?"

"போன வாரம் சரியாத்தான் இருந்துச்சு. இந்த வாரம் தூக்குது."

"துணி என்ன செடியா, வாரா வாரம் அளவு மாறுறதுக்கு?"

"அதை என்கிட்ட ஏன் கேக்கற? தைச்சவ நீ."

நெமேசியா மூட்டையைத் தன் பக்கம் இழுத்தாள். பாவாடையை விரித்து, கீழ்விளிம்பு முழுவதையும் விரலால் தடவிப் பார்த்தாள். நான்கு மடிப்பும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. ஒன்றாவது கோணலாக இருந்திருந்தால் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

மடிப்பில் அவளுக்குத் தப்பு வந்ததில்லை. பாவாடையின் இடுப்பில் வரும் கொசுவத்தை மெஷின் பிடித்துவிடும். கீழே பாவாடையைச் சுற்றிப் படுக்கைவாட்டில் ஓடும் மடிப்புகளைக் கையால்தான் பிடிக்க வேண்டும். துணியைக் கிள்ளி, இரட்டையாக மடக்கி, ஓடுதையல் போட்டு, கீழ்நோக்கிப் படியவைக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அது வரிவரியாக ஓர் அலங்காரம். உடுத்துகிறவளுக்கு அது சேமிப்பு. பெண் வளர்ந்தால் ஒரு மடிப்பைப் பிரித்துவிடலாம். ஆலங்கட்டி மழையிலும் சேற்றிலும் ஓரம் நைந்துபோனால், நைந்ததை வெட்டிவிட்டு இன்னொன்றைப் பிரிக்கலாம். உயரமான நாத்தனாருக்குக் கொடுக்க வேண்டி வந்தால் மூன்றாவது. பிரித்த இடத்தில் வெயில் படாத துணி அடர் நிறத்தில் கோடு போட்டதுபோல் தெரியும். அதன்மேல் ஒரு சரிகை நாடாவை வைத்துத் தைத்தால் புது மோஸ்தர் என்பார்கள். வீட்டுச் சாவியை மடிப்புக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு சந்தைக்குப் போகிற பெண்களும் உண்டு.

வெளியே தெரியும் இந்த நான்கு மடிப்பு போக, நெமேசியா எல்லாப் பாவாடைக்கும் ஐந்தாவதாக ஒன்று வைப்பாள். இடுப்புக்குச் சற்றுக் கீழே, சால்வையின் குஞ்சம் வந்து மறைக்கும் இடத்தில், உள்பக்கமாக. உள்மடிப்பு என்பாள் அதை. இந்த வருஷம் சாமி ஊர்வலத்தில் ஆடும் குழுவின் பெண்கள் அணி முழுவதற்கும் ஒரே துணி, ஒரே நிறம். எல்லாருக்கும் ஒரே நீளத்தில் வெட்டி, அவரவர் உயரத்துக்கு மிஞ்சியதையெல்லாம் உள்மடிப்பில் அடக்கிவிட்டாள். கசிமிராவுக்கு மட்டும் அது இல்லை. துணி வெட்டுகிற அன்று, புதுத் துணிமேல் சடங்குக்கு நாலு சொட்டு பீர் தெளித்த ஈரம் காய்வதற்குள் அவள் சண்டைக்கு வந்துவிட்டாள்.

"உள்ள ஒளிச்சு வைக்கிறதுக்கு நான் என்ன வளர்ற பிள்ளையா? அந்தத் துண்டை வெட்டி எனக்கு ஒரு கைப்பை தைச்சுக் குடு. பாவாடைக்கு ஏத்த பை. வேற எவகிட்டயும் இருக்காது."

வெட்டித் தைத்தும் கொடுத்தாயிற்று. அந்தக் கைப்பை இப்போது அவள் முழங்கையில் ஆடிக்கொண்டிருந்தது. நெமேசியாவுக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

முதல் முறை வந்தபோது, கசிமிரா இரண்டே உள்பாவாடையோடு அளவு கொடுத்திருப்பாள், ஆடும்போது நான்கு போட்டால் தூக்கத்தான் செய்யும் என்று நினைத்து, நெமேசியா முன்பக்கக் கீழோரத்தில் மடக்கியிருந்த துணியைக் கொஞ்சம் இறக்கிவிட்டாள். இரண்டாம் முறை, நின்ற தோரணை சரியில்லை என்று அவளைத் திட்டிவிட்டு, மிச்சமிருந்த மடக்கையும் இறக்கினாள். இனி இருப்பது இடுப்புப் பட்டிக்குள் போன விரலகலத் துணி மட்டும்தான். நான்கு மடிப்பில் கைவைக்க முடியாது. அணித் தலைவி ஒப்துலியா ஒரு அட்டைத் துண்டை வெட்டி வைத்திருந்தாள். எல்லாருடைய மடிப்பும் அந்த அட்டையின் அகலம்தான் இருக்க வேண்டும். அந்த அட்டையோடுதான் தூங்குகிறாள் என்று பெண்கள் சொல்லுவார்கள்.

"இதோட இதுல துணி தீந்துபோச்சு" என்று அதையும் பிரித்து இறக்கினாள் நெமேசியா. "துணிக்கட்டும் காலி. வாங்கின கடையிலும் இந்த நிறம் கிடையாது. அடுத்த தடவை வந்தா என் தோலைத்தான் உரிச்சு வச்சுத் தைக்கணும்."

"உன் தோல் இந்த நிறத்துக்கு ஒத்துவராது" என்று சொல்லிவிட்டு, மூச்சு வாங்கியபடியே கசிமிரா படியிறங்கிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. மேட்டுத் தெருவை அடைத்துக்கொண்டு பெண்கள் வரிசை வரிசையாக நின்றார்கள். பின்னால் பித்தளை வாத்தியங்கள். அவர்கள் ஆடும் மொரெனாதா பாரமான ஆட்டம், குதிப்பு கிடையாது. இடுப்பிலிருந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து, பாவாடையைச் சுழற்றித் திரும்ப வேண்டும். திரும்பும்போது கீழ்விளிம்பு எல்லாம் ஒரே கோடாகப் போனால்தான் அழகு. முன்வரிசையில் நட்டநடுவே கசிமிரா. கைப்பையை வீசிக்கொண்டு அவள் திரும்பினாள். அந்தக் கோடு அவளிடம் வந்ததும் மேடு ஏறி இறங்கியது.

ஒப்துலியா கையைத் தூக்கினாள். வாத்தியம் நின்றது.

"நெமேசியா! இங்க வா."

கடைசி வரிசையிலிருந்து நெமேசியா வந்தாள். அணியிலேயே குட்டையானவள் அவள்தான். எப்போதும் கடைசி வரிசைதான். எல்லாப் பெண்களும் வழிவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒப்துலியா குனிந்து அட்டையை வைத்து மடிப்பை அளந்தாள்.

"மடிப்பு சரியாத்தான் இருக்கு. அப்புறம் எதுக்குத் தூக்குது?"

"பாத்துச் சரி பண்றேன், தோன்யா" என்றாள் நெமேசியா, தலைவிக்கு உரிய மரியாதைச் சொல்லோடு.

"இதையே மூணு தடவை சொல்லிட்டியாமே. இவதான் சொல்றா." கசிமிரா வேறு பக்கம் பார்த்தாள். "ஊர்வலத்தன்னைக்கும் இப்படித் தூக்கிச்சுன்னா அடுத்த வருஷத் துணி கீழ்த்தெரு தையல்காரிகிட்டப் போயிடும். அப்புறம் என்கிட்ட வந்து மூக்கைச் சிந்தாதே."

நெமேசியாவுக்குக் காது சுட்டது. அத்தனை பேர் நடுவில், மடிப்பைப் பற்றி! அவளைப் போய்!

வீட்டுக்கு வந்து சூப்புக் கிண்ணத்தைக் கணவன் தாமசோவின் முன்னால் நங்கென்று வைத்தாள். அவன் வாத்தியக் குழுவில் டிராம்போன் ஊதுகிறவன். பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவன்.

"சிரிக்காதீங்க" என்றாள்.

"நான் சிரிக்கவே இல்லையே."

"வாய்க்குள்ள சிரிக்கறீங்க. முப்பது பாவாடை தைச்சேன். இருபத்தொன்பது பேசாமத் தொங்குது. ஒண்ணே ஒண்ணு என் மானத்தை வாங்குது."

"பாவாடையில இருக்கோ, ஆள்ல இருக்கோ" என்றான் தாமசோ, உருளைக்கிழங்கை ஊதிக்கொண்டே. "உன் கொமாத்ரே இன்னைக்கு வேற ஆளா இருந்தா. எல்லாருக்கும் பீர் குடுத்தாங்க இல்ல? மத்தவங்க பூமித்தாய்க்கு ஒரு சொட்டு விட்டுட்டு மிச்சத்தைக் குடிச்சாங்க. இவ கிளாசையே கவுத்துட்டா. ரெண்டாவது கிளாசையும் கவுத்துட்டா. பூமித்தாய் இந்நேரம் தள்ளாடிக்கிட்டு இருப்பா."

"அவளா? கசிமிராவா?"

"நுரை கூட நாக்குல படல."

நெமேசியா கரண்டியைக் கீழே வைத்தாள். ஆனால் கோபம் இருக்கும் இடத்தில் வேறு யோசனைக்கு இடமிருப்பதில்லை. கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு, கசிமிராவுக்கு ஆளனுப்பினாள்: மறுநாளே வர வேண்டும், ஆடும் அன்று போடும் செருப்போடும் அத்தனை உள்பாவாடையோடும் வர வேண்டும்.

கசிமிரா வந்தாள். நெமேசியா அவளைப் பெஞ்சுமேல் ஏற்றி நிறுத்தி, அளவுக்கோலோடும் சாக்பீசோடும் கீழே மண்டியிட்டாள். பின்பக்கம் சரி. இரண்டு பக்கவாட்டும் சரி. முன்பக்கம் தூக்கியிருந்தது. போன வாரம் இருந்ததைவிட அதிகமாக.

"நாடாவை எங்க கட்டியிருக்க? இவ்வளவு மேலயா? மேல கட்டினா மேலதான் போகும். இறக்கு."

"இறக்க முடியாது."

"ஏன்?"

"இறக்கினா அமுக்குது."

"எங்க அமுக்குது?"

கசிமிரா பதில் சொல்லவில்லை. நெமேசியா அண்ணாந்து பார்த்தாள். ஒரு கேள்விக்குக் கசிமிரா பதில் சொல்லாமல் நின்றதை அவள் இதுவரை பார்த்ததில்லை. படியேறும்போது வாங்கிய மூச்சு, கவிழ்த்த பீர், வாரா வாரம் அளவு மாறும் துணி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. சாக்பீஸ் கையிலிருந்து விழுந்து இரண்டாக உடைந்தது.

"எத்தனாவது மாசம்?"

"அஞ்சு தொடங்கிடுச்சு."

"அடிப்பாவி!" நெமேசியா எழுந்துவிட்டாள். "மூணு தடவை என்னைப் பிரிக்க வச்ச. ஊர் முன்னாடி நிக்க வச்ச. ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் இல்லாமப் போச்சா? உனக்கா வாய் இல்ல?"

"கத்தாதே. கீழ கேக்கும்." கசிமிரா பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். "செப்டம்பர்ல மகளுக்குக் கல்யாணம். மணப்பொண்ணைவிட அவ அம்மா வயித்தைத் தள்ளிக்கிட்டு நிப்பாளான்னு ஊர் சிரிக்கும். அதைக்கூட நான் தாங்கிப்பேன். ஒப்துலியாவுக்குத் தெரிஞ்சா என்னை வண்டியில ஏத்திடுவா."

அது உண்மைதான். போன வருஷம் இப்படியொரு பெண் ஊர்வலத்தின் நடுவே தெருவில் உட்கார்ந்துவிட்டாள். பின்னால் வந்த வாத்தியக் குழு முழுவதும் நின்றுபோனது. அதிலிருந்து வயிற்றுப் பிள்ளைக்காரிகள் அலங்கார வண்டியில் உட்கார்ந்து கையசைத்தபடி போக வேண்டும் என்பது ஒப்துலியாவின் சட்டம்.

"வண்டியிலதான் போயேன். பூவெல்லாம் வச்சிருப்பாங்க."

"நேந்துகிட்டது காலால ஆடுறேன்னு, கொமாத்ரே. யுங்காஸ் மலை ரோட்டுல லாரி உருண்டு எங்க வீட்டு மனுஷன் உசிரோட வந்தாரே, அன்னைக்கு. மூணு வருஷம் ஆடுறேன்னு சொன்னேன். ரெண்டு முடிஞ்சுது. மூணாவதை வண்டியில உக்காந்து தீத்தேன்னா, சாமி லாரியை மறுபடி உருட்டினா நான் என்ன கேக்க முடியும்?"

"டாக்டர்?"

"போய்ப் பாத்தேன். குதிக்காதே, மெதுவா ஆடலாம்னாங்க. நம்ம ஆட்டத்துல யாரு குதிக்கிறா? பாரமேத்தின எருது மாதிரி அசையறோம்." அவள் நெமேசியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சொல்லு."

நெமேசியா கையை உருவிக்கொண்டாள். சொல்லமாட்டேன் என்றும் சொல்லவில்லை, சொல்லுவேன் என்றும் சொல்லவில்லை. "இறங்கு கீழ. பெஞ்சு உடஞ்சா அதுக்கும் நான்தான் பொறுப்பும்ப" என்றாள்.

மறுநாள் ஒப்துலியாவே கடைக்கு வந்தாள், அட்டையோடு. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"எனக்குக் காரணம் தெரியணும், நெமேசியா. இத்தனை வருஷம் நல்லாத் தைச்சவ நீ. ஏதாவது காரணம் இருந்தாச் சொல்லு, நானே கூட்டத்துல எடுத்துச் சொல்றேன். இல்லேன்னா கண்ணு மங்கிப்போச்சு, கை நடுங்குதுன்னு அவங்க பேசறதை என்னால தடுக்க முடியாது."

காரணம் நெமேசியாவின் நாக்கு நுனியில் இருந்தது. ஒரே ஒரு வாக்கியம். சொன்னால் கையும் நடுங்கவில்லை, கண்ணும் மங்கவில்லை என்று ஆகிவிடும். கசிமிரா வண்டியில் பூக்களுக்கு நடுவே உட்கார்ந்து அழுதுகொண்டே கையசைப்பாள். அந்தக் கைப்பையையும் அசைப்பாள்.

"துணி முரண்டு பிடிக்குது, தோன்யா" என்றாள் நெமேசியா. "படியவச்சுடறேன்."

"துணி!" என்றாள் ஒப்துலியா. அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் போனபின் நெமேசியா கத்தரியைத் தூக்கி மேசையில் எறிந்தாள். மெஷினைத் திட்டினாள், பப்பாளி நிறத்தைக் கண்டுபிடித்தவனைத் திட்டினாள், மகனுக்கு முடி வெட்ட வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று அன்றைய தன்னையே திட்டினாள். திட்டி முடித்து நிமிர்ந்தபோது, சுவரில் அவளுடைய சொந்தப் பாவாடை தொங்கிக்கொண்டிருந்தது.

எல்லாருக்கும் ஒரே நீளத்தில் வெட்டிய துணி. அணியிலேயே குட்டையானவள் அவள். அப்படியென்றால் அணியிலேயே பெரிய உள்மடிப்பு அவளுடையதுதான்.

அவள் அதை இறக்கி, பிளேடை எடுத்து, உள்மடிப்பைப் பிரித்தாள். சுற்றிலும் கசிமிராவின் உயரத்துக்கு இறக்கினாள். முன்பக்கம் மட்டும் இன்னும் இறக்கி, பக்கவாட்டில் வரவரக் குறைத்து, மிச்சத்தை மறுபடியும் உள்ளே வைத்துத் தைத்தாள். கசிமிரா விட்டுவிட்டுப் போன பாவாடையைத் தான் உடுத்திக்கொள்ள எடுத்து, வேண்டாத நீளத்தை இடுப்பருகே பிடித்து மடக்கி, அள்ளித் தைத்தாள். தன்னுடையதை ஒழுங்காகச் செய்ய நேரமும் இல்லை, மனசும் இல்லை.

கசிமிரா வந்து பாவாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உன்னோடதா? நீ உடுத்தினதா?"

"ஒத்திகைக்கு ஒரே ஒரு தடவைதான்."

"என்னோடதுல மடிப்பு இன்னும் கொஞ்சம் நேரா இருந்த மாதிரி ஞாபகம்."

"ரெண்டும் இந்தக் கைதான்டி தைச்சுது!"

"சரி, சரி. கேட்டா உடனே எரிஞ்சு விழுவியா? அப்ப கைப்பை? அது என்கிட்டயே இருக்கும்ல?"

"கைப்பையைப் பத்தி இன்னும் ஒரு வார்த்தை பேசினா இப்பவே போய் ஒப்துலியாகிட்ட எல்லாத்தையும் சொல்லிடுவேன்."

கசிமிரா கைப்பையை ஓரமாக வைத்துவிட்டுப் பாவாடையை எடுத்தாள். கட்டிக்கொண்டு பெஞ்சுமேல் நின்றாள். நெமேசியா கோலோடு சுற்றிவந்தாள். விளிம்பு தரைக்கு மேலே ஒரே அளவில், தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி நின்றது.

ஊர்வலத்தன்று கடைசி வரிசையிலிருந்து நெமேசியாவுக்கு முதுகுகளும் தொப்பிகளும்தான் தெரிந்தன. தெரு வளையும் இடங்களில் மட்டும் முன்வரிசை பக்கவாட்டில் தெரியும். அப்போதெல்லாம் அவள் ஆட்டத்தை மறந்து கழுத்தை நீட்டி விளிம்பைப் பார்த்தாள். கோடு ஒரே சீராகப் போய்த் திரும்பியது. ஓரத்தில் நடந்து வந்த ஒப்துலியா இரண்டு முறை குனிந்து பார்த்தாள்; அட்டையை வெளியே எடுக்கவே இல்லை. நெமேசியாவின் சொந்தப் பாவாடைதான் இடப்பக்கம் இறங்கிச் சந்தைக்காரி பாவாடை மாதிரி தொங்கியது. கடைசி வரிசையை யார் பார்க்கிறார்கள்?

கோயிலில் எல்லாரும் தொப்பியைக் கழற்றிவிட்டு மண்டியிட்டார்கள். கசிமிராவும் மண்டியிட்டாள். கூட்டம் எழுந்தது, அவள் எழவில்லை. நெமேசியா முண்டியடித்துக்கொண்டு முன்னால் போனாள்.

"முடிஞ்சுது, கொமாத்ரே" என்றாள் கசிமிரா. முகமெல்லாம் ஈரம். "மூணும் முடிஞ்சுது. இப்ப என்னைத் தூக்கு. எழுந்திரிக்க வரல."

"நேந்துகிட்டது நீ, தூக்கறது நானா?" என்று முணுமுணுத்தபடி, நெமேசியா முழங்கைக்குக் கீழே கைகொடுத்துத் தூக்கினாள். பார்த்தவர்கள் களைப்பு என்று நினைத்துக்கொண்டார்கள்.

சில வாரம் கழித்துக் குழுக் கூட்டம். அடுத்த வருஷத் துணியை யாரிடம் கொடுப்பது என்ற பேச்சு வந்தது. கீழ்த்தெரு தையல்காரியின் பெயரை ஒருத்தி எடுத்தாள். ஒப்துலியா தொண்டையைச் செருமிக்கொண்டாள். அதற்குள் கசிமிரா எழுந்து நின்றுவிட்டாள். சால்வைக்குக் கீழே வயிறு இப்போது யார் கண்ணுக்கும் தப்பாது; அதைப் பற்றி யாராவது வாயைத் திறக்கட்டும் பார்க்கலாம் என்பதுபோல் அவள் சுற்றிலும் பார்த்தாள். ஒப்துலியாவின் பார்வை அந்த வயிற்றிலிருந்து நெமேசியாவுக்குப் போய்த் திரும்பியது. அவள் செருமியதோடு நிறுத்திக்கொண்டாள்.

"நெமேசியாகிட்டயே இருக்கட்டும்" என்றாள் கசிமிரா. "கொஞ்சம் மெதுவாத்தான் செய்வா. நாலு தடவை சொல்ல வேண்டியிருக்கும். ஆனா பொறுமையா எடுத்துச் சொன்னா கடைசியில சரியாத் தைச்சுடுவா. நான் சொல்லிக் குடுத்துத் தைக்க வைக்கலையா?"

எல்லாரும் கை தூக்கினார்கள். நெமேசியா இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெளியே வந்ததும் கசிமிரா அவள் தோளில் கைபோட்டுக்கொண்டாள்.

"அந்தப் பாவாடையைத் திருப்பிக் கேக்காதே. மகள் கல்யாணத்துக்கு எனக்கு அதுதான்."

"கேட்டேனா?"

"உள்மடிப்புல இன்னும் துணி மிச்சம் இருக்கா?"

"இருக்கு. ஏன்?"

"நாளைக்குக் காலையில வரேன். முன்பக்கம் மறுபடியும் தூக்குது."